இருபது இலக்க மாப்பிள்ளை

"இந்தப் பையனும் தோத்துட்டா வர்ற முகூர்த்தத்துல நிவேதா என் மவனுக்குத்தான். வாக்கு குடுத்திருக்கே, மறந்துராதண்ணே!"

தங்கச்சி சந்தனமாரி இப்படிச் சொன்னதும் நயினார் வாசலை எட்டிப் பார்த்தார். அவள் மகனுக்குச் சீட்டாடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

எல்லாம் மகள் இழுத்துவிட்ட வம்பு. எம்.எஸ்சி. கணக்குப் படித்த நிவேதா, பெண் பார்க்க வருகிறவர்களிடம் இருபது இலக்க எண் ஒன்றை நீட்டுவாள்.

"ரெண்டே ரெண்டு பகா எண்ணைப் பெருக்கினா இது வரும். அந்த ரெண்டையும் கண்டுபிடிச்சுச் சொல்லுதவரைத்தான் கட்டுவேன்."

போனைத் தொடக் கூடாது, பேனாவும் தாளும்தான். மூன்று மாப்பிள்ளைகள் காபியை மட்டும் குடித்துவிட்டு நடையைக் கட்டிவிட்டார்கள்.

இன்று வந்தவன் சுந்தரபாண்டியபுரம் பேச்சிராஜ். தரகர் கொண்டுவந்த சம்பந்தம். குடும்பத்தோடு குத்தாலத்தில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு தென்காசிக்கு வந்திருந்தான். இவனாவது சொல்லித் தொலைக்க மாட்டானா என்று நயினார் காசி விசுவநாதரை வேண்டிக்கொண்டார்.

பேச்சிராஜ் எண்ணைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காபி ஆறிப்போனது.

"நடக்கிற காரியமா இது?" என்று சந்தனமாரி இளித்தாள்.

அவன் சட்டென்று இரண்டு எண்களை எழுதி நீட்டினான். நடுவராக உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் எபனேசர், அவற்றைக் கமா போட்டுப் பிரித்து லேப்டாப்பில் தட்டினார்.

"ஒண்ணு, தொள்ளாயிரத்து நாப்பத்தி நாலு கோடியே சொச்சம். இன்னொண்ணு, அறுநூத்தி முப்பத்தெட்டு கோடியே சொச்சம். அடேங்கப்பா, ரெண்டும் பகா எண்! பெருக்குனா அச்சு அசலா அதேதான் வருது!"

"அப்படிப் போடு!" நயினார் துள்ளி எழுந்து மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வந்த சந்தோஷத்தில் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றி, மாப்பிள்ளை நம்பரையும் கேட்டு வாங்கிப் போனில் பதிந்துகொண்டார்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகும் சந்தனமாரிக்கு மனசு ஆறவில்லை.

"அப்படி என்னண்ணே உலகத்துல இல்லாத எண்ணு?"

"கேளுட்டீ!" நயினார் தாளை எடுத்தார். கோடியும் லட்சமும் வாயில் நுழையாததால் இலக்கம் இலக்கமாக வாசித்தார். "ஒம்பது, நாலு, நாலு..." முதல் எண் முடியும்போதே குரல் தடுமாறியது. "ஆறு, மூணு, எட்டு..." இரண்டாவதில் நின்றேவிட்டது. மகளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே நிறுத்திட்டே?"

"இது பெரிய கணக்குட்டீ, உனக்கு வெளங்காது." சிரிப்பை மீசைக்குள் ஒளித்தபடி தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் நயினார்.

முதல் எண், சற்றுமுன் அவர் பதிந்துகொண்ட மாப்பிள்ளையின் போன் நம்பர். இரண்டாவது, மாசாமாசம் கடையில் அவர் வாயாலேயே சொல்லி ரீசார்ஜ் பண்ணுகிற நிவேதாவின் நம்பர்.