ஏழு சைபர்களையும் எக்கிக்கொண்டு

பகா எண்கள் விடுதியின் வாசலில் பத்துக் கோடியே ஒன்று பெட்டியோடு வந்து நின்றாள். இங்கே ஓர் அறை கிடைத்துவிட்டால் போதும், வருவோர் போவோரெல்லாம் தன்னைப் பங்கு போட்டுப் பார்க்கும் தொல்லை ஒழியும் என்றிருந்தது அவளுக்கு. ஆனால் விடுதியின் விதி கறாரானது. உள்ளே இருப்பவர்கள் வரிசையாக வந்து வகுத்துப் பார்ப்பார்கள். ஒருவர் மீதியில்லாமல் வகுத்துவிட்டாலும் இடம் கிடையாது.

அவள் தன் ஏழு சைபர்களையும் தொப்பையை எக்குவதுபோல் எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வகுத்தது, ஒன்று மீதி. மூன்று வகுத்தது, இரண்டு மீதி. ஐந்து, ஏழு, பதினொன்று என்று எல்லோருக்கும் ஏதாவது மிஞ்சியது. பதின்மூன்று வகுத்தது, பத்து மீதி. அது வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"போதும்ப்பா! இவ்வளவு பெரிய அம்மாவை யாரு வகுக்கிறது? சாவியைக் குடுங்க."

சாவி அவள் கைக்கே வந்துவிட்டது. அப்போது பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பதினேழு எழுந்து வந்தது.

"அக்கா, சும்மா ஒரு தடவை. தப்பா எடுத்துக்காதீங்க."

வகுத்தது. ஒரு பொட்டு மீதியில்லை.

பதினேழுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா. நான் பேசாம டீயைக் குடிச்சிருக்கலாம்."

அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பிடித்திருந்த மூச்சையெல்லாம் விட்டாள். ஏழு சைபர்களும் பொதுக் பொதுக்கென்று பழைய உருண்டைக்கு வந்தன.

"அப்பாடா!" என்று பெட்டியின்மேலேயே உட்கார்ந்தாள். "காலம் பூரா எக்கிக்கிட்டே இருக்கணுமோன்னு பயந்துட்டேன் தம்பி. அந்த டீயில எனக்கும் ஒரு பங்கு ஊத்து."