கத்தாமல் கிடந்தவன்

மருத்துவமனையின் கோடி அறையில் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கின்றன. வாராவாரம் நடக்கும் மனநல ஆலோசனைக்காக முன்னாள் படைவீரர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னல் வெயில் பாதித் தரையோடு நின்றுவிடுகிறது. காயங்களுக்குக் கட்டுப்போடும் வேலை பார்த்தவர் பேசிக்கொண்டிருக்கிறார். படித்தது முதலுதவிதான் என்றாலும் படையில் எல்லோருக்கும் அவர் டாக்டர். இத்தனை வாரமும் வாயைத் திறக்காதவர் இன்று தரையைப் பார்த்தபடியே சொல்கிறார். "குண்டு வெடிச்சதும் ரெண்டு பேர் விழுந்து கிடந்தாங்க. ஒருத்தன் கத்தினான், அவங்கிட்ட ஓடினேன். இன்னொருத்தன் சத்தமே போடல. அவனுக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சுட்டேன். திரும்பிப் பாக்குறேன், போயிட்டான்." அவருடைய விரல்கள் இல்லாத துணியைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போடுகின்றன. மின்விசிறி கடகடக்கிறது. எதிர் நாற்காலியில் இருப்பவன் அன்று லாரி ஓட்டியவன். ஒரு கால் செயற்கைக் கால். "கத்தினது நான்தானேண்ணே," என்கிறான். "பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்திருந்தா அவனப் பாத்திருப்பீங்க. எம்பொண்ணு ஓடிவந்து கட்டிக்கிறப்பல்லாம் அதே நெனப்புதான்." டாக்டர் நிமிர்கிறார். எழுந்துபோய் அவன் முன்னால் தரையில் உட்காருகிறார். "வலிச்சா கத்தாம என்னடா பண்ணுவ?" லாரிக்காரன் அவரைப் பார்த்துக் குனிகிறான். "கத்துறவங்கிட்ட ஓடி வராம நீங்க மட்டும் என்னண்ணே பண்ணியிருப்பீங்க?" டாக்டருக்கு அழுகை வருகிறது. லாரிக்காரன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, செயற்கைக் காலை நீட்டியபடியே மெல்லத் தரைக்கு இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.