கிழியாத பூட்ஸ்

“மலையெல்லாம் ஏறுவீங்களா?” என்று அன்று காதலியின் அப்பா கேட்டார்.

“மலைன்னா எனக்கு உசிரு சார்.”

காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். அவனுக்கு அன்று மூளையும் இல்லை. கல்யாணப் பரிசாக மாமனார் கடைக்கே கூட்டிப்போய் ஒரு ஜோடி மலையேறும் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து ஞாயிறுதோறும் விடியற்காலையில் மாமனாரின் கார் வாசலில் ஹாரன் அடித்தது.

பூட்ஸ் கிழிந்தால்தான் விடுதலை. “சூடு காட்டாதீங்க, தோல் வெடிச்சிடும். மெழுகு தடவுங்க, பத்து வருஷம் உழைக்கும்” என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவன் மெழுகு இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வீடு திரும்பியதும் சுடுதண்ணீரில் முக்கி, ஹீட்டரை ஒட்டி வைத்து வறுத்தெடுத்தான்.

அடுத்த ஞாயிறு எடுத்துப் பார்த்தால், சனியன், வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருக்கும்.

“என்னுதுக்குப் பதினஞ்சு வயசு மாப்பிள்ளை. நான் ஒரு நாள் தொடைச்சதில்லை, இன்னும் கிழிய மாட்டேங்குது” என்று ஏற்றத்தில் பெருமூச்சு விட்டார் மாமனார். பெருமையைப் பார் என்று அவன் பல்லைக் கடித்தான்.

மனைவியோ ஞாயிறன்று அலாரத்துக்கு முன்பே எழுந்து, பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்து, கார் தெருமுனை தாண்டும்வரை கையசைப்பாள். அப்பா மேல் அத்தனை பாசம்.

ஒரு சனிக்கிழமை, தையலையே அறுத்துவிடுவது என்று பிளேடு வாங்கிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். சமையலறைத் தரையில் மனைவி பூட்ஸை மடியில் கிடத்தி மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனில் மாமியாரின் குரல்.

“மடிப்புல நல்லாத் தேய்டி, அங்கதான் முதல்ல வெடிக்கும். உங்கப்பாவோடதை இப்பத்தான் முடிச்சேன்.”

பிளேடு நழுவி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தவள் போனை அணைத்தாள்.

“எனக்கு மலையும் பிடிக்காது, மண்ணாங்கட்டியும் பிடிக்காது. ஞாயித்துக்கிழமை உன்கூடவே வீட்ல கிடக்கணும்னுதான் இதைச் சுட்டுட்டு இருந்தேன்” என்றான் அவன்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா மெழுகு தடவினே?”

அவள் டப்பாவை மூடினாள். எழுந்து வந்து, அவன் கன்னத்தில் மெழுகு ஒட்ட ஒரு தட்டுத் தட்டினாள். கல்யாணமான நாளாகத் தொண்டையில் நின்றது ஒருவழியாக வெளியே வந்தது.

“வாரத்துல ஒரு வேளையாவது என்னைத் தனியா விடுங்களேன்.”