ஆய்வாளரின் முகம்

"மார்ச் 12. குற்றவாளி யாரென்று அறியத்தான் எல்லோரும் அந்தத் துப்பறியும் டிவி தொடரைப் பார்க்கிறார்கள் என்று நேற்று எழுதியது தவறு." மாலை வகுப்புக் கட்டுரைக்கான நாட்குறிப்பில் கோமதி திருத்தினாள்.

ஒவ்வொரு வீட்டுத் திரையிலும், அந்த வீட்டார் கொடுக்கும் புகைப்படத்தின் முகமே தொடரில் வரும் போலீஸ் ஆய்வாளருக்கு இருக்கும். அம்மா கொடுத்தது, ஆறு வருடங்களுக்கு முன் காணாமல்போன அண்ணன் சங்கரநாராயணனின் படம். தினமும் ஏழு மணிக்கு அவன் யாரோ ஒருவரின் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பான்.

"ஏட்டி, நாளையோட முடியுதாம். இன்ஸ்பெக்டரச் சுட்டுருவாங்களாமே," என்றாள் அம்மா, தட்டில் கைவைக்காமல்.

"கதைதானம்மா."

"ஒனக்குக் கதை. அவன் செத்துட்டான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்டச் சொன்னதில்லட்டி."

இது சரிதானா என்று தெரியாமலே கோமதி கடைசி வரியை எழுதினாள்: "நாளை ஏழு மணிக்குள் அண்ணன் படத்தை எடுத்துவிட்டு என் படத்தைக் கொடுக்க வேண்டும்."