லூ பான் வாசலில்

நூல் வெளியீட்டு மேடையில் நின்றபடி அவள் ஒரு நான்கெழுத்துத் தொடரைச் சீனத்தில் சொன்னாள். நிறுத்தி, நிதானமாக.

முன்வரிசையில் இருந்த சீன விருந்தினர்களின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

பேராசிரியர் சந்திரகாசன் மட்டும் கைதட்டினார்.

லூ பான், சீனத் தச்சர்கள் சாமியாகக் கும்பிடும் ஆதித் தச்சன். அவன் வீட்டு வாசலில் போய்க் கோடரி சுழற்றிக் காட்டுவது என்பதுதான் அந்த நான்கு எழுத்தின் பொருள்; அரைகுறையின் திமிர். பெரியவர்கள் முன்னால் பேச எழுகிறவர்கள் தம்மைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வார்கள். அது அவர்கள் வழக்கம், பணிவு.

அவள் அதை அவரைப் பற்றிச் சொன்னாள்.

கையால் காட்டியே சொன்னாள்.

மேசையில் புது நூல் அடுக்கியிருந்தது. சீனத் தச்சர்களின் மரபுத்தொடர்கள். மூலத்திலிருந்து நேரடித் தமிழாக்கம்: முனைவர் சந்திரகாசன்.

உள்ளே, நன்றியுரையின் கடைசி வரியில் அவள் பெயர் இருந்தது. தட்டச்சு உதவி.

சீனப் பள்ளியில் படித்தவள் அவள். வட்டத் துளையில் சதுர முளையை அடிப்பது என்ற ஒரு தொடருக்காகப் பினாங்கில் தச்சுப்பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியவள். ஐயாவுக்கோ, கடையில் தேநீர் கேட்குமளவுக்குச் சீனம் வரும்.

லூ பான் வாசல் அந்த நூலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.



அவர் எழுந்து வந்து ஒலிவாங்கி முன்னால் கைகூப்பினார்.

"ரொம்பப் பெரிய வார்த்தை சொல்லிட்டம்மா. எனக்கு அந்தத் தகுதி இருக்கான்னு தெரியல."

முன்வரிசையில் ஒரு சீன அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் நூலைப் புரட்டி முதல் பக்கத்தைப் பார்த்தார்.

கொஞ்சம் தாமதமாகத்தான் அவருக்கு உறைத்தது. சிரித்த முகம் மாறாமல் அவள் பக்கம் சாய்ந்தார்.

"என்ன சொன்ன? ஏன் இப்படிப் பாக்கறாங்க?"

ஒலிவாங்கி அதையும் கடைசி வரிசை வரை கொண்டுபோனது.

இப்போது தமிழர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவள் ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேராகத் திருப்பினாள்.

"நம்ம ஆளுங்களுக்கும் புரியணும்ல? தமிழ்ல சொல்லுங்கய்யா. நீங்கதானே மொழிபெயர்ப்பாளர்."