ஆழம் எவ்வளவு?

"உயரம் கிடக்கட்டும் தம்பி. ஆழம் எவ்வளவு, அதைச் சொல்லு."

கடைக்காரர் திகைத்துப்போனார். ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்கள் சத்தம் எப்படி என்பார்கள், உத்தரவாதம் உண்டா என்பார்கள். இந்த அம்மா உள்ளே நுழைந்ததிலிருந்து பெட்டியின் அளவைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. கேட்டதோடு நிற்காமல், கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை உருவி அளக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற கணவர் இன்ஜின் டிரைவர். போன வாரம்தான் கடைசியாக ரயிலை விட்டு இறங்கியவர். காலமெல்லாம் இரைச்சலுக்குக் கொடுத்த காதில் மிச்சம் இருப்பதையாவது பாட்டுக்குக் கொடுக்கவேண்டும் என்று ஏங்கியவர். பழைய பாணியில், மரப்பெட்டியும் முன்பக்கம் துணியுமாக, அலமாரி அளவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆசைக்குக் குறுக்கே, கடையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் பெரியக்கா. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் பேச்சுக்கு அவர் இதுவரை மறுபேச்சுப் பேசியதே கிடையாது.

"டேய் தம்பி, இந்தச் சின்னதே போதும்டா. அடக்கமா, லட்சணமா இருக்கு பாரு. அது என்னடா, பீரோவுக்கு வாய் முளைச்ச மாதிரி!"

"ஒரு தடவை கேட்டுப் பாத்துடலாமே அக்கா..."

கடைக்காரர் ஒரே பாட்டை மூன்று ஜோடியிலும் மாற்றி மாற்றிப் போட்டார். சின்னதில் பாட்டு சமர்த்தாக வந்தது. நடுவில் இருந்ததில் கொஞ்சம் நிமிர்ந்து வந்தது. பெரிய பெட்டியில் பாடியபோதோ, காதுக்கு முன்னால் காலுக்குத் தெரிந்தது. தூரத்தில் வண்டி வருவதைத் தண்டவாளம் முதலில் சொல்லுமே, அப்படி.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

பெரியக்காவுக்குக் கேட்டுவிட்டது. "எதுடா இதுதான்? நாளைக்கு ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தணும்னா நாலு ஆள் வேணும்!"

"நாலு ஆள் வேணுமா?" மனைவி ஆவலோடு கடைக்காரரைப் பார்த்தாள்.

"கண்டிப்பா வேணும்மா. செம கனம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

கடைக்காரருக்குத் தலை சுற்றியது. டிரைவருக்கும்தான். அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எப்போதும் போல ஒரு சமாதானத்துக்கு வந்தார். "ஆளுக்கொரு பக்கம் இழுக்க வேணாம். நடுவுல இருக்கே, அதை எடுத்துக்கலாம்."

"ம்... அதுன்னாலும் பரவாயில்ல" என்றாள் பெரியக்கா.

மனைவி குனிந்து நடுப்பெட்டியை அளந்தாள். "ஆழம் இருபத்திரண்டு. வேணாம், பத்தாது."

"எதுக்கும்மா பத்தாது?"

"பாட்டுக்குத்தான். பெட்டி ஆழமா இருந்தாத்தானே பாட்டும் ஆழமா இருக்கும்?"

தாலாட்டுக்கும் தேர்தல் பிரசாரத்துக்கும் வித்தியாசம் தெரியாத தன் மனைவிக்கு எப்போது இவ்வளவு சங்கீத ஞானம் வந்தது என்று டிரைவருக்குப் புரியவில்லை.

"எல்லாம் வீம்பு. நாலு பேரு வாயைப் பொளந்து பாக்கணும், அதுக்குத்தான்" என்று பெரியக்கா முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

மனைவி அதைக் காதில் வாங்கவே இல்லை. பெரிய பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டேப்பை நீட்டினாள். உயரம் ஐம்பத்திரண்டு. அகலம் முப்பத்தொன்று. ஆழம் இருபத்தெட்டு.

"ஏன் தம்பி, படுக்க வச்சாலும் சரி, திருப்பி வச்சாலும் சரி, எந்தப் பக்கமும் இருபத்தெட்டுக்குக் குறையாதே?"

"குறையாதும்மா."

"கழட்டி மடக்க முடியுமா?"

"முடியாதும்மா. பசை போட்டு இறுக்கின ஒரே பெட்டி. உடைச்சாத்தான் உண்டு."

நிறைமாத மகளுக்குச் சுகப்பிரசவம் என்று சேதி வந்தால் எப்படி மலருமோ, அப்படி மலர்ந்தது அவள் முகம். கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு எது வேணும்னு உங்க வாயால சொல்லுங்க."

அக்காவின் புருவம் மேலே ஏறியது. காலடியில் அந்தப் பாட்டு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா... எனக்குப் பெரிசுதான் வேணும்."

சொல்லிவிட்டார்! முதன்முதலாகத் தனியே ரயிலைக் கிளப்பிய நாளில்கூட அவர் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. கடைக்காரர் கைகொடுத்து, பெட்டியை வண்டியில் ஏற்ற ஆட்களைக் கூப்பிட ஓடினார்.

பெரியக்கா எழுந்து வந்து, தம்பியின் கன்னத்தை வாஞ்சையோடு தடவினாள். குரலில் தேன் ஒழுகியது.

"சரிடா, உன் ஆசைக்கு நான் ஏன் குறுக்க நிக்கணும்? நல்லாத்தான் இருக்கு. வண்டியை முதல்ல என் வீட்டுக்கு விடச் சொல்லு. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்."

டிரைவரின் தலை, பழக்க தோஷத்தில், தானாக ஆட ஆரம்பித்தது.

"தாராளமாக் கொண்டு போங்க அண்ணி" என்று சிரித்தாள் மனைவி. "ஆனா எங்க வீட்டு ரெட்டைக் கதவுலதான் இது நுழையும். எங்க டிவியும் கட்டிலும் கொஞ்ச நாள் இருக்க உங்க வீட்டுக்கு வந்து இன்னும் திரும்பலையே, அதுக்கப்புறம் எங்க ஃப்ரிட்ஜ் வந்தப்போ வாசல்ல மாட்டிக்கிச்சு, ஞாபகம் இருக்கா? அன்னிக்கே உங்க வாசக்கதவை அளந்து வச்சுக்கிட்டேன், இருபத்தேழு இன்ச்!"