ராஜமுருகன் வைத்த உயரம்

"நீங்க இருக்கறப்ப நல்லாத்தாண்ணே பாடுது. கேட்டைத் தாண்டுனதும் அமுங்கிருது. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

விடுதிக்காரம்மா லீலா இடுப்பில் கைவைத்து நின்றார். மெக்கானிக் ராஜமுருகனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கொடைக்கானலிலிருந்து தாண்டிக்குடிக்கு ஜீப்பில் குலுங்கி வந்து சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிறது. பத்து நாளில் இது மூன்றாவது தடவை.

முதல் தடவை வந்தது நியாயமான வேலைக்கு. லீலாவின் ரெக்கார்டு பிளேயருக்குப் புது ஊசித் தலை மாட்ட வேண்டியிருந்தது. புதுத் தலை பழையதைவிட உயரம். அதை மாட்டினால், ஊசியைப் பிடித்திருக்கும் பிளேயர் கையின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். கையைத் தாங்கும் தண்டையும் அதே அளவு உயர்த்தினால்தான் கை ரெக்கார்டுக்குச் சமமாக நிற்கும், பாட்டும் பாட்டாகக் கேட்கும். அரை மணி நேரம் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, அந்த உயரத்தை வைத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த வாரமே போன். வந்து பார்த்தால் கை வைத்தது வைத்தபடி இருந்தது. பாட்டும் கணீரென்று கேட்டது. சும்மா திரும்பினால் நன்றாக இருக்காதே என்று திருகாணியை ஒருமுறை தளர்த்தி இறுக்கிவிட்டுப் போனார். மறுநாள் மறுபடியும் போன்.

இன்றைக்கும் அதே கூத்துதான்.

"கேளுங்கம்மா. இதுல என்ன கொறை?"

"இப்ப ஒரு கொறையும் இல்ல. அதான் எனக்கு வயித்தெரிச்சல்."

"டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விடறதுக்கு இதென்ன பச்சப்புள்ளையா?"

"நேத்து தங்கியிருந்த மதுரைக்காரங்க, பாடறவருக்கு ஜலதோஷமான்னு கேட்டுட்டாங்கண்ணே. கோவிச்சுக்காதீங்க. கொடைக்கானல்ல எங்க அண்ணன் லாட்ஜுல காட்டேஜுக்கு ஒண்ணா அஞ்சு பிளேயர் வைக்கப்போறாரு. உங்களைக் கூப்பிடவான்னு எங்கிட்டதான் கேட்டுக்கிட்டிருக்காரு. இன்னிக்கும் அமுங்குச்சுன்னா, கோயமுத்தூர் ஆளைப் பாத்துக்கங்கன்னு சொல்றதத் தவிர வேற வழியில்ல."

ராஜமுருகனுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக மலையில் எடுத்த பேர், ஒரு திருகாணியில் தொங்குகிறது! அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து மனைவி ரோகிணி போன் செய்தார்.

"சரியாயிருச்சாங்க? ஒழுங்கா முடுக்கிட்டு வாங்க. அந்தம்மா போன எடுத்துப் பதில் சொல்றதுக்கே எனக்கு வெக்கமா இருக்கு."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? வைடி போனை!"

தாண்டிக்குடிக் குளிரிலும் அவருக்கு வேர்த்தது. திருகாணியைக் கழற்றித் துடைத்தார். தண்டை மயிரிழை ஏற்றினார், இறக்கினார், பழைய இடத்திலேயே நிறுத்தி இறுக்கினார். ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டார். பழைய பக்திப் பாட்டு, பாடுகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பது போலக் கேட்டது. லீலாவே தலையாட்டினார்.

காப்பியைக் குடித்துவிட்டு, ஜீப்புக்காக கேட்டுக்கு வெளியே போய் நின்றார். பத்து நிமிஷமாகியும் ஜீப்பைக் காணோம். உள்ளே பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

முதல் வரியிலேயே அமுங்கியது.

செருப்பைக் கூடக் கழற்றாமல் ராஜமுருகன் உள்ளே ஓடினார். கையின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ரெக்கார்டே ஒரு படி மேலே ஏறியிருந்தது. அதற்கு அடியில் வட்டமாக ஒரு சிவப்புக் கம்பளி. ஊத்தப்பம் மாதிரி தடிமன், ஓரமெல்லாம் பூவேலை.

"இது என்னம்மா?"

"விரிப்புண்ணே. பனி ஏறாம அடியில போட்டு வைக்கிறது. டிவிக்கு, மிக்சிக்கெல்லாம் உறை போடறதில்லையா? ரிப்பேருக்கு ஆள் வர்றப்ப எடுத்து மடிச்சு வச்சிருவேன். நீங்க கெளம்புனதும் திரும்பப் போட்டுருவேன்."

ராஜமுருகன் தலையில் அடித்துக்கொண்டார்.

"மூணு தடவை! மூணு தடவை என் இடுப்பை ஒடிச்சுக்கிட்டு வந்திருக்கேன்! இந்த அதிகப்பிரசங்கி வேலைய உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? அந்த ஆளை என் முன்னால கொண்டாந்து நிறுத்துங்க, நாலு வார்த்தை கேக்கணும்!"

லீலா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்கண்ணே. மொதத் தடவை நீங்க வந்துட்டுப் போன மூணாம் நாளு, 'அவரு கைபட்ட சாமான் பனியில கெட்டு, அவரு பேரு போயிரக் கூடாது'ன்னு உங்க வீட்டம்மாதான் பின்னி, ஜீப்புல குடுத்து விட்டாங்க."